பாசிசம்: சிசிலியில் கட்டிய கட்டு

அரசியல் கொள்கைகளின் பெயர்கள் பெரும்பாலும் தம்மைத் தாமே சொல்லிவிடும். பொதுவுடைமை என்றால் உடைமை பொது. மக்களாட்சி, முதலாளித்துவம், ஏகாதிபத்தியம் என்று எதை எடுத்தாலும், நாம் அதை ஏற்கிறோமோ எதிர்க்கிறோமோ, எதைப் பற்றிய பேச்சு என்பதாவது பெயரிலேயே தெரிந்துவிடும். பாசிசம் அப்படி இல்லை. இவ்வளவு காலம் புழங்கியும் அதற்கென்று ஒரு தமிழ்ச்சொல் நிலைக்கவில்லை. கேட்பவருக்குக் குளத்துப் பாசி நினைவுக்கு வந்தால் குற்றம் சொல்ல முடியாது. 2024 அக்டோபரில் விக்கிரவாண்டி மாநாட்டில் நடிகர் விஜய் அதைப் பாயாசத்தோடு எதுகை கூட்டியபோது கூட்டம் ஆர்ப்பரித்தது. வேர் தெரியாத சொல்லிடம்தான் இவ்வளவு எளிதாக ஓசை விளையாட முடியும்.

மொழிபெயர்ப்பு நிலைக்காததற்கு நம் சோம்பலைக் காரணம் சொல்லமாட்டேன். சொல்லுக்குள் மொழிபெயர்க்க அதிகம் இல்லை. இத்தாலியில் ‘ஃபாஷோ’ என்றால் கட்டு. விறகுக் கட்டு, வைக்கோல் கட்டு, காகிதக் கட்டு என்கிறோமே, அந்தக் கட்டுதான். அதன் வாலில் ஓர் ‘இசம்’. எதைக் கட்டியது, யாரைக் கட்டியது, எதற்காக என்று சொல் எதுவும் சொல்வதில்லை. தமிழாக்கியே தீர்வது என்றால் ‘கட்டியம்’ என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சொல் ஏற்கெனவே வேறொரு வேலையில் இருக்கிறது. அது என்ன வேலை என்பதைப் பிறகு பார்ப்போம்.

இந்தச் சொல்லின் கதையைச் சொல்லத் தொடங்குபவர்கள் அநேகமாக ரோமாபுரியிலிருந்தே தொடங்குவார்கள். கழிகளைச் சேர்த்துக் கட்டி நடுவே ஒரு கோடரியைச் செருகிய படத்தைக் காட்டி, ‘ஒற்றுமையே பலம்’ என்பார்கள். நாம் பள்ளியில் படித்த விறகுக் கட்டு நீதிக்கதையும் நினைவுக்கு வரும். வேர் ரோமில் இருப்பது உண்மைதான். ஆனால் சொல் அங்கிருந்து நேராக நம்மிடம் வரவில்லை. இடையில் சிசிலியின் கூலி விவசாயிகளிடமும் வடஇத்தாலியின் தொழிலாளர்களிடமும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தங்கிவிட்டு வந்தது. அந்த ஐம்பது ஆண்டை மறைத்து ரோமை மட்டும் காட்டுவது முசோலினி ஆட்சிக்கு வந்தபின் செய்த ஏற்பாடு. அவரை வெறுப்பவர்களும் சொல்லின் வரலாற்றை மட்டும் அவர் எழுதிக் கொடுத்தபடியே ஒப்பிக்கிறார்கள் என்பது என் குறை.

முதலில் ரோம். லத்தீனில் ‘ஃபாஸ்கிஸ்’ என்றால் கட்டு, ‘ஃபாஸ்கெஸ்’ அதன் பன்மை. பிர்ச் அல்லது எல்ம் மரக் கழிகளைச் சிவப்புத் தோல்வாரால் இறுகக் கட்டி, கோடரி ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். கான்சல் என்ற உயர் அதிகாரி தெருவில் நடந்தால் அவருக்கு முன்னால் பன்னிரண்டு ஏவலர் இந்தக் கட்டை இடத்தோளில் சாய்த்துக்கொண்டு வரிசையாகப் போவார்கள். சர்வாதிகாரியாக ஒருவரை நியமித்தால் அந்த எண்ணிக்கை இருபத்து நான்கு. ஏவலரின் பெயர் லிக்டர். அந்தப் பெயரே ‘கட்டு’ என்ற வினையிலிருந்து பிறந்தது என்று பழைய ரோமானிய உரைகாரர் சிலர் கருதினார்கள்.

இதில் ஒற்றுமை எங்கே இருக்கிறது? கழிகள் அடிப்பதற்கு, கோடரி தலையை வெட்டுவதற்கு. குற்றவாளியைப் பிடித்ததும் கட்டை அவிழ்த்து, முதலில் கழியால் அடித்து, பிறகு கோடரியை எடுப்பார்கள். குடியரசை நிறுவிய புரூட்டஸ் சதி செய்த தன் சொந்த மகன்களுக்கு லிக்டர்களைக் கொண்டு இதே வரிசையில் தண்டனை கொடுத்ததாக ரோமானியர் தம் பழங்கதையில் சொல்லிக்கொண்டார்கள். நகர எல்லைக்குள் நுழைந்ததும் கான்சலின் லிக்டர்கள் கோடரியைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. எல்லைக்குள் குடிமகனின் உயிரை எடுக்கும் உரிமை மக்களிடம் இருக்கிறது, அதிகாரியிடம் இல்லை என்பதற்கான அடையாளம் அது. அந்தக் கட்டை மக்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு கி.மு. 59இல் நடந்ததைச் சொல்லலாம். சீசரை எதிர்த்த சக கான்சல் பிபுலஸின் தலையில் கூட்டத்தில் யாரோ ஒரு கூடைச் சாணத்தைக் கவிழ்த்தார்கள். கூடவே அவருடைய ஃபாஸ்கெஸையும் ஒடித்துப் போட்டார்கள். ஆளை அவமதிக்கச் சாணம் போதும். அதிகாரத்தை முறிக்கக் கட்டை முறித்தாக வேண்டும்.

‘கட்டியம்’ செய்யும் வேலை என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அரசனுக்கு முன்னால் நடந்து அவன் பெருமையை உரக்கச் சொல்லி வழி விலக்குபவன் கட்டியக்காரன். லிக்டரும் அப்படித்தான், வழி விடச் சொல்லிக் கத்திக்கொண்டே முன்னால் போவான். நம் தெருக்கூத்து இவனைக் கோமாளியாக்கிவிட்டது. சீவக சிந்தாமணியில் கட்டியங்காரன் என்ற பெயர் கொண்டவனோ, நம்பி ஆட்சியை ஒப்படைத்த சச்சந்தன் மீதே படை திருப்பி நாட்டைப் பறித்த அமைச்சன். 1922இல் முசோலினியைத் தானே அழைத்துப் பிரதமராக்கிய இத்தாலிய மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேலுக்குத் திருத்தக்கதேவரைப் படித்துக் காட்ட யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

லத்தீன் வேரின் பிள்ளைகள் அரசியலோடு நிற்கவில்லை. காலையில் படுக்கையிலிருந்து எழுந்து காலைத் தரையில் வைத்ததும் குதிகாலில் ஊசி குத்துகிறது என்று மருத்துவரிடம் போனால், சீட்டில் ‘பிளாண்டார் ஃபேஷியைட்டிஸ்’ என்று எழுதித் தருவார். என் சீட்டிலும் அதுதான் இருந்தது. உள்ளங்காலில் ஒரு நாடாவைப் போல் ஓடும் திசுவுக்கு ஃபேஷியா என்று பெயர். லத்தீனில் ‘ஃபாஸ்கியா’ என்றால் கட்டுத்துணி, பட்டை. ஃபாஸ்கிஸின் நெருங்கிய உறவு அது. குதிகால் வலிக்கும் பாசிசத்துக்கும் ஒரே குடும்பப் பெயர் என்று தெரிந்ததால் வலி ஒன்றும் குறையவில்லை.

ரோம் அழிந்தபின் கழிக்கட்டு ஓவியர்களிடமும் சிற்பிகளிடமும் பிழைத்துக் கிடந்தது. பிரெஞ்சுப் புரட்சி அதைத் தூசு தட்டி எடுத்து, குடியரசின் பிளவுபடாத ஒற்றுமைக்குச் சின்னமாக்கியது. தண்டனைக் கருவி ஒற்றுமைச் சின்னமானது இந்தக் காலத்தில்தான் ஊர்ஜிதமாயிற்று. அமெரிக்கர்களும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய பிரதிநிதிகள் சபையில் சபாநாயகர் மேடைக்கு இருபுறமும் சுவரில் வெண்கலக் கழிக்கட்டுகள் இன்றும் இருக்கின்றன. 1916 முதல் 1945 வரை அச்சான பத்து சென்ட் நாணயத்தின் பின்புறத்திலும் அதுதான். வாஷிங்டன் லிங்கன் நினைவகத்தில் லிங்கன் கை வைத்திருக்கும் நாற்காலிக் கைப்பிடிகளின் முகப்பைப் பாருங்கள், இரண்டும் கழிக்கட்டுகள். அந்த நினைவகம் திறக்கப்பட்டது 1922 மே 30. ஐந்து மாதம் கழித்து முசோலினியின் கருஞ்சட்டைப் படை ரோமை நோக்கிப் புறப்பட்டது. ஆகவே சின்னத்தைக் கண்டதும் ‘பாசிசம்’ என்று பதற வேண்டியதில்லை. சின்னத்தின் பாதையும் சொல்லின் பாதையும் வேறு வேறு.

சொல்லின் பாதை இத்தாலியின் இடதுசாரிகள் வழியாகப் போகிறது. 1871இல் போலோஞ்ஞா நகரில் ‘ஃபாஷோ ஒபெராயோ’ என்ற அமைப்பு தோன்றியது. முதலாம் அகிலம் என்ற சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் காற்று பட்ட அமைப்பு. பெயரைத் தமிழில் சொன்னால் தொழிலாளர் சங்கம். அதில் வளர்ந்தவர்களில் ஒருவர் ஆந்திரேயா கோஸ்தா, பின்னாளில் இத்தாலிய நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த முதல் சோசலிஸ்ட். 1883இல் கோஸ்தாவும் இடதுசாரித் தலைவர்களான கவல்லோத்தியும் போவியோவும் சேர்ந்து இடதுசாரிகளை ஒன்றாக்க ‘ஜனநாயக ஃபாஷோ’ அமைத்தார்கள். அதே ஆண்டு மிலானில் தொழிலாளர் கட்சியார் தொடங்கிய பத்திரிகையின் பெயரும் ‘ஃபாஷோ ஒபெராயோ’. அதே 1883 ஜூலையில் ரொமாஞ்ஞா பகுதியில் சோசலிஸ்ட் கொல்லர் ஒருவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. தனக்குப் பிடித்த மூன்று போராளிகளின் பெயரைச் சேர்த்து பெனிட்டோ அமில்காரே ஆந்திரேயா என்று பெயர் வைத்தார். மூன்றாவது பெயர் ஆந்திரேயா கோஸ்தாவுடையது. குடும்பப் பெயர் முசோலினி. ஆக ஃபாஷோ என்ற சொல்லை அவர் ரோமானிய வரலாற்று நூலில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது அப்பாவின் கொல்லுப்பட்டறைச் சொல்.

சொல் ஊரறிந்ததாக ஆனது சிசிலியில். அந்தத் தீவின் நிலம் ஒரு சில பிரபுக்களிடம் இருந்தது. பிரபுக்கள் நகரத்தில் வசிக்க, இடைக் குத்தகைதாரர்கள் நிலத்தை எடுத்து, துண்டு துண்டாக வாரத்துக்கு விட்டு, விதைக்குக் கடன், கடனுக்கு வட்டி, காவலுக்குக் கூலி என்று உழுதவனிடம் உறிஞ்சினார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1891 மே 1 அன்று கட்டானியா நகரில் ஜுசெப்பே தெ ஃபெலிச்சே ஜுஃப்ரிதா ஒரு ஃபாஷோ தொடங்கினார். அடுத்த ஆண்டு பலெர்மோவில் ரொசாரியோ கரிபால்தி போஸ்கோ. அப்புறம் ஊருக்கு ஊர். முழுப்பெயர் ‘சிசிலித் தொழிலாளர் ஃபாஷோக்கள்’. 1893 முடிவில் மூன்று லட்சம் உறுப்பினர் என்று தலைவர்கள் சொல்லிக்கொண்டார்கள். கந்தகச் சுரங்கத் தொழிலாளர், விவசாயிகள், கைவினைஞர் என எல்லோரும் இருந்தார்கள். பெண்கள் திரளாக வந்தார்கள். ஊர்வலத்தில் சிலுவையும் மாதா படமும் மன்னர் படமும் ஒன்றாகப் போயின, மார்க்ஸ் பெயரும் கேட்டது. ஒற்றைக் குச்சியை யாரும் ஒடிக்கலாம், கட்டை யார் ஒடிப்பது என்பதுதான் அவர்கள் பெயருக்குச் சொன்ன விளக்கம். ரோமானியக் கோடரிக்கு அங்கே இடமில்லை. சொல்லின் பாதையில் நாம் படித்த விறகுக் கட்டு நீதிக்கதை பொருந்தும் ஒரே இடம் இதுதான்.

காட்ஃபாதர் படத்தால் கோர்லியோனே என்ற ஊரின் பெயர் உலகத்துக்கே தெரியும். அந்த ஊரில்தான் 1893 ஜூலையில் பெர்னார்தீனோ வெர்ரோ தலைமையில் விவசாயிகள் கூடி வாரக் குத்தகைக்கு ஒரு மாதிரி ஒப்பந்தம் எழுதினார்கள். இடைத்தரகனின் பிடிமானங்கள் ஒழிந்து விளைச்சல் பாதிக்குப் பாதி வேண்டும் என்பது சாரம். ஒப்பாதவர் நிலத்தில் விதைக்கமாட்டோம் என்று இலையுதிர்காலத்தில் வேலைநிறுத்தமும் செய்தார்கள். ஆனால் அந்த ஆண்டு ஜனவரியிலேயே ரத்தம் சிந்தத் தொடங்கியிருந்தது. கல்தாவுதூரோவில் ஊர்ப் பொதுநிலத்தை உழப்போய்த் திரும்பிய விவசாயிகள் மீது படையினர் சுட்டதில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். பிரதமர் பிரான்செஸ்கோ கிறிஸ்பி தாமே சிசிலிக்காரர், 1860இல் இத்தாலிய ஒருங்கிணைப்பு வீரர் கரிபால்தியோடு தீவை விடுவிக்க வந்தவர். அவர்தான் 1894 ஜனவரி 3 அன்று சிசிலியில் ராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து பல்லாயிரம் படையினரை இறக்கினார். ஃபாஷோக்கள் கலைக்கப்பட்டன. ராணுவ நீதிமன்றம் தெ ஃபெலிச்சேவுக்குப் பதினெட்டு ஆண்டும், வெர்ரோவுக்கும் போஸ்கோவுக்கும் பன்னிரண்டு ஆண்டும் சிறை விதித்தது. 1896 மார்ச்சில் எத்தியோப்பியாவின் அத்வாவில் இத்தாலியப் படை தோற்று, கிறிஸ்பி பதவி இழந்தபின் மன்னிப்பு வந்தது. வெர்ரோ பின்னாளில் கோர்லியோனேயின் மேயராகி, 1915 நவம்பரில் மாஃபியாவின் குண்டுக்கு இரையானார். 

இந்த நிகழ்ச்சிகளால் இத்தாலி முழுவதும் ஃபாஷோ என்ற சொல்லுக்கு ஒரு நெடி ஏறியது. கட்சியின் சம்பிரதாயங்கள் இல்லாமல், ஒரு காரியத்துக்காகச் சட்டென்று திரளும் கூட்டம் என்ற நெடி. 1914 அக்டோபரில் முதல் உலகப்போரில் இத்தாலி இறங்க வேண்டும் என்று கிளம்பிய இடதுசாரிகள் தங்கள் குழுவுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். போரை ஆதரித்ததற்காக நவம்பரில் சோசலிஸ்ட் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்ட முசோலினி அவர்களோடு போய்ச் சேர்ந்தார். 1917இல் அந்தப் போரில் கப்போரெத்தோவில் இத்தாலி தோற்றபின் நாடாளுமன்றத்துக்குள் வலதுசாரி உறுப்பினர்கள்கூட ‘தேசப் பாதுகாப்பு ஃபாஷோ’ என்று ஒரு கூட்டணி கட்டினார்கள். சொல் அந்த அளவுக்குப் பொதுச்சொத்து. இதற்குப் பிறகுதான் 1919 மார்ச் 23, மிலானின் சான் செபோல்க்ரோ சதுக்கம், வணிகர் மன்றம் ஒன்றின் மண்டபம். போர்வீரராக இருந்தவர்கள், எதிர்காலவாதக் கவிஞர்கள், மனம் மாறிய சோசலிஸ்டுகள் என்று ஒரு சிறு கூட்டம். அமைப்பின் பெயர் ‘போராட்ட ஃபாஷோக்கள்’. அந்த ஜூனில் வெளியிட்ட திட்டத்தில் எட்டு மணிநேர வேலை, பெண்களுக்கு வாக்குரிமை, செனட் ஒழிப்பு, போர் லாபத்தில் 85 சதவீதம் பறிமுதல் என்றெல்லாம் இருந்தது. நவம்பர் தேர்தலில் மிலானில் அவர்களுக்குக் கிடைத்தது ஐயாயிரத்துக்கும் குறைவான வாக்கு.

அதன்பின் நடந்ததைச் சொல்லின் தலைகீழ் என்றுதான் சொல்ல வேண்டும். 1920 இறுதியில் போ ஆற்றுச் சமவெளியின் நிலக்கிழார்கள் விவசாயக் கூலிகளின் சங்கங்களைக் கண்டு அஞ்சினார்கள். முசோலினியின் ஆட்களுக்குப் பணமும் லாரியும் கொடுத்தார்கள். 1920 நவம்பர் 21 அன்று போலோஞ்ஞா நகராட்சியில் புதிய சோசலிஸ்ட் நிர்வாகம் பதவியேற்ற நாளில் கருஞ்சட்டையினர் தாக்க, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1871இல் தொழிலாளர் ஃபாஷோ எழுந்த அதே போலோஞ்ஞா. அங்கிருந்து ஊர் ஊராகச் சங்கக் கட்டடங்களை எரித்தார்கள், சங்கத் தலைவர்களை அடித்து விளக்கெண்ணெயை வாயில் ஊற்றினார்கள். கையில் ‘மங்கனெல்லோ’ என்ற குண்டாந்தடி. விவசாயக் கூலிகள் தம்மைக் கட்டிக்கொள்ள வைத்த பெயரைச் சூடியவர்கள் விவசாயக் கூலிகளின் கட்டை ஒடித்தார்கள். ‘ஃபாஷிஸ்மோ’ என்ற ‘இசம்’ நாளிதழ்களில் பரவலானதும் இந்தச் சமயத்தில்தான். 1921 நவம்பரில் அது கட்சியாகி, 1922 அக்டோபர் இறுதியில் ஆட்சியையும் பிடித்தது.

ஆட்சிக்கு வந்தவருக்கு இனி சிசிலி ஒத்துவராது. கழிக்கட்டுச் சின்னத்தை முன்பும் அவர்கள் பயன்படுத்தியதுண்டு. ஆனால் அது பிரெஞ்சுப் புரட்சி வழியாக வந்த குடியரசுவாதிகளின் கட்டு, கோடரி உச்சியில் நீட்டிக்கொண்டிருப்பது. 1923இல் ரோம் நகர மன்றத் தளத்தை அகழ்ந்த தொல்லியலாளர் ஜாக்கோமோ போனியிடம் உண்மையான பழைய வடிவத்தை ஆராய்ந்து தரும்படி கேட்டார்கள். கோடரி பக்கவாட்டுக்கு நகர்ந்தது. அந்த ஆண்டு வந்த லிரா நாணயத்தில் அது ஏறியது. 1926 டிசம்பரில் அரசின் அதிகாரபூர்வச் சின்னமாயிற்று. அப்போதிலிருந்து கேட்பவருக்கெல்லாம் பாசிசம் என்றால் ரோம், ரோம் என்றால் பேரரசு. கொள்கை விளக்கம் இன்னும் தாமதமாக வந்தது. இத்தாலியக் கலைக்களஞ்சியத்தில் ‘பாசிசம்’ என்ற தலைப்புக்கு முசோலினி கையெழுத்திட்ட கட்டுரை 1932இல்தான் வெளியானது. அதன் முதல் பகுதியை எழுதியது தத்துவவாதி ஜொவான்னி ஜென்தீலே. பிள்ளைக்குப் பெயர் வைத்துப் பதின்மூன்று ஆண்டு கழித்து ஜாதகம் எழுதினார்கள்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் 1921, 22 வாக்கில் செய்தித்தாள்கள் வழியாகப் போனது. முதலில் அதை மொழிபெயர்க்காமல் ‘ஃபாஷிஸ்டி’ என்று இத்தாலியப் பன்மையாகவே எழுதினார்கள். 1923இல் இங்கிலாந்தில் தோன்றிய முதல் அமைப்பின் பெயரே ‘பிரிட்டிஷ் ஃபாஷிஸ்டி’. அந்நியப் பன்மை உறுத்தியதோ என்னவோ, அடுத்த ஆண்டு ‘ஃபாசிஸ்ட்ஸ்’ என்று திருத்திக்கொண்டார்கள். இத்தாலிக்கு வெளியே உள்ளவர்களுக்கும் சேர்த்து அதை ஒரு பொதுப்பெயராக்கியதில் பெரும்பங்கு எதிரிகளுடையது, குறிப்பாகக் கம்யூனிஸ்டுகளுடையது. ஹிட்லரின் கட்சி தன்னை அப்படி அழைத்துக்கொள்ளவில்லை. ஆனால் மாஸ்கோவின் கம்யூனிஸ்ட் அகிலம் 1928இலேயே ஜெர்மனியின் சமூக ஜனநாயகவாதிகளைக்கூட ‘சமூக பாசிஸ்டுகள்’ என்று ஏசத் தொடங்கியிருந்தது. ஏச்சாக மாறிய சொல்லுக்கு எல்லை கிடையாது. 1944இல் ஜார்ஜ் ஆர்வெல் தன் பத்தி ஒன்றில், யாரை எல்லாம் பாசிஸ்ட் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன் என்று ஒரு பட்டியல் போட்டார். விவசாயிகள், கடைக்காரர்கள், நரி வேட்டை, ஜோதிடம், பெண்கள், நாய்கள். அந்த வரிசையில் காந்தியும் இருக்கிறார்.

உள்ளே பொருள் இல்லாத பெயர் என்பதால்தான் இந்தச் சொல்லை யார்மீதும் எறிய முடிகிறது என்று நினைக்கிறேன். யாரையாவது ‘நீ ஒரு பொதுவுடைமைவாதி’ என்றால், உடைமை பற்றி அவர் என்ன சொன்னார் என்று கேட்கலாம். ‘நீ ஒரு பாசிஸ்ட்’ என்றால் கேட்க ஒன்றும் கிடையாது. அதற்கு வரலாறு மட்டும்தான் உண்டு, தடி எடுத்துச் சங்கத்தை அடித்த வரலாறு. அதை வைத்து அளந்தால் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பது ஓரளவு தெளிவாகவே தெரியும்.

தமிழ் அகராதி செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாசிசம் என்ற சொல்லுக்கு வேர் எழுதும்போது ‘ரோமானியக் கழிக்கட்டு’ என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள். நடுவில் ஒரு வரி சேருங்கள்: ‘ஃபாஷோ, 1890களில் சிசிலி விவசாயிகளின் சங்கம்’.